மரவள்ளியின் பயணம்: தொலைக்காட்சி மேசையும் யாழ்ப்பாணத்துக் குசினியும்

தொலைக்காட்சிச் சமையற் போட்டிகளுக்கு இன்று உலகெங்கும் இரசிகர்கள் உள்ளனர். 1993இல் ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சி, பின்னாளில் 'அயர்ன் செஃப்' என்று உலகம் அறிந்த நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஒரு மூலப்பொருளை அரங்கில் திடீரென வெளிப்படுத்தி, அதைக்கொண்டே சமையற்கலைஞர்களை மோதவிடுவது அதன் உத்தி. அப்படியொரு போட்டியில், ஒரு பொருளுக்குப் பதிலாகக் கரீபியன் தீவுகளின் விளைபொருட்களே வைக்கப்படுகின்றன என்று கொள்வோம். மேசைக்கு எவை வரும்? மரவள்ளிக்கிழங்கு, வத்தாளங்கிழங்கு, ஈரப்பலாக்காய், பப்பாசி, கொய்யா, உறைப்பு மிளகாய், தேங்காய். நடுவர்கள் அவற்றைத் தொலைதூரத்து அதிசயங்களாக வியக்கலாம். யாழ்ப்பாணத்தவர் கண்ணுக்கோ அது சுன்னாகம் சந்தைக்குப் போய்வந்த பை.

இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. ஐந்நூறு ஆண்டு வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது.

மிளகைத் தேடி 1492இல் மேற்கே கப்பலோட்டிய கொலம்பஸ், கரீபியன் தீவுகளில் மிளகைக் காணவில்லை. அங்கு வாழ்ந்த தைனோ மக்கள் உண்ட மிளகாயைக் கண்டார். ஐரோப்பியர் அதற்கும் மிளகின் பெயரையே சூட்டினர். தமிழரும் ஏறத்தாழ அதையே செய்தோம். மிளகைப்போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்றோம். போர்த்துக்கேயர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் அது இந்தியாவின் மேற்குக் கரைக்கு வந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய அதே போர்த்துக்கேயர், 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்து வெளியேறினர். அவர்கள் மொழியின் சொல் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. நாம் சமைக்கும் இடத்துக்குக் குசினி என்று பெயர் தந்தது அவர்கள் மொழியே. ஆரியச் சக்கரவர்த்திகளின் தொடக்க கால விருந்துகளில் உறைப்பு தந்தது மிளகாகத்தான் இருந்திருக்க வேண்டும். செத்தல் மிளகாயும் மல்லியும் வறுத்திடித்த கறித்தூளை அம்மன்னர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

மரவள்ளியின் கதையும் இதைப் போன்றதே. தென்னமெரிக்காவில் பிறந்து, கரீபியன் தீவுகளில் தைனோ மக்களின் முதன்மை உணவாக விளங்கிய கிழங்கு அது. அதிலுள்ள நச்சுச்சாற்றைத் துருவிப் பிழிந்து அகற்றி, ரொட்டியாகச் சுடும் நுட்பத்தை அவர்கள் வளர்த்திருந்தனர். இலங்கைக்கு அது ஒல்லாந்தர் ஆட்சியின் இறுதிக் காலத்தில், 1786இல், ஆளுநர் வன் டி கிராஃப் காலத்தில் மொரீசியசிலிருந்து கொண்டுவரப்பட்டதாகக் கூறப்படுகிறது. கிழங்கு வந்தபோது அதைப் பற்றிய எச்சரிக்கை உணர்வும் நம்மிடையே வளர்ந்தது. மூடாமல் அவிக்க வேண்டும், மரவள்ளியோடு இஞ்சி சேர்க்கக்கூடாது என்பவை நம் பாட்டிமார் தவறாது சொல்லும் விதிகள்.

இனி ஒடியற்கூழை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தின் தொன்மையான உணவு என்று நாம் பெருமையோடு காட்டுவது அதைத்தான். ஒடியல் மா நம் பனையினுடையது. மீனும் நண்டும் இறாலும் நம் கடலினுடையவை. ஆனால் அதில் மிதக்கும் மரவள்ளித் துண்டும் அரைத்துக் கரைத்த செத்தல் மிளகாயும் அத்திலாந்திக் கடலைக் கடந்து வந்தவை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளாவில் கூழ் குடிக்கும் எவருக்கும் அது அந்நியமாகத் தோன்றுவதில்லை.

பயணம் ஒருவழிப் பயணமும் அன்று. தென்னையும் மாவும் கிழக்கிலிருந்து கரீபியனுக்குச் சென்றவை. ஈரப்பலாவைப் பசிபிக் தீவுகளிலிருந்து 1793இல் அங்கு சேர்த்தவர் கப்டன் பிளை; கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவான உணவாக அது பயன்படும் என்பதே நோக்கம். அடிமை முறை ஒழிந்தபின் மனிதர்கள் சென்றனர். 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் தமிழ்நாட்டுக் கரையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை மார்த்தினிக் தீவுக்கு ஏற்றிச் சென்றது. அடுத்த ஆண்டு குவாதலூப் தீவுக்கும் அதே கப்பல் சென்றது. அத்தீவுகளில் இன்று 'கொலம்போ' என்ற பெயரில் ஆட்டிறைச்சிக் கறி ஒன்று புகழ்பெற்றுள்ளது. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்ந்த தூளில் அது சமைக்கப்படுகிறது. பெயரைக் கேட்டால் கொழும்பு நினைவுக்கு வரும். ஆனால் அது நம் 'குழம்பு' என்ற சொல்லின் திரிபு என்பதே பரவலான கருத்து. பேசிய மொழியைப் பெரும்பாலும் இழந்துவிட்ட ஒரு சமூகம், குழம்பை இழக்கவில்லை.

இந்த வரலாற்றில் பசிக்கும் பெரிய பங்குண்டு. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபோது இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது வலிகாமத்துச் செம்மண் மிளகாயாலும் வெங்காயத்தாலும் செழித்தது. அதே ஆண்டுகளில் அரிசிக்கும் பாணுக்கும் நாடே தவித்தபோது பல வீடுகளின் வயிற்றை நிரப்பியது மரவள்ளி. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் அது மீண்டும் கைகொடுத்தது. அக்காலத்தை எழுதியவர்கள் மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் என்று இல்லாதவற்றைப் பட்டியலிட்டனர். இருந்ததைக் கொண்டு எங்கள் தாய்மார் என்ன சமைத்தனர் என்பது மிகக் குறைவாகவே எழுதப்பட்டது. பின்னர் அரிசி தாராளமாகக் கிடைத்தபோது, மரவள்ளி வறியவரின் உணவு என்ற முத்திரை அதன்மேல் விழுந்தது.

2024இல் பிபிசியின் 'மாஸ்டர்செஃப்' போட்டியில் ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகனான விலங்கு மருத்துவர் பிரின் பிரதாபன் வாகை சூடினார். புலம்பெயர் தமிழர் பலர் அதைத் தம் வீட்டு வெற்றியாகக் கொண்டாடினர். அம்மகிழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு. ஆனால் தொலைக்காட்சி ஒரு தட்டைக் காட்டும். அதன் பின்னாலுள்ள வழியை அது காட்டுவதில்லை. அந்த வழியை எழுதிவைக்க வேண்டியவர்கள் நாம்.

எந்த விதை எங்கே முளைத்தது என்பதைக் கொண்டு ஓர் உணவு யாருடையது என்று தீர்மானித்தால், தமிழரிடம் மிளகாய்க்கும் இடமில்லை. மார்த்தினிக்காரரிடம் குழம்புக்கும் இடமில்லை. நஞ்சகற்றி உண்ணக் கற்றவர், தடைக்காலத்தில் அதைக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தவர், அவர்களுடையதே உணவு. தடைக்காலத்தில் குடும்பத்துக்குச் சமைத்த பெண்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டனர். அரிசியில்லாத நாளில் எதை எதோடு சேர்த்தார்கள், விறகுக்கு என்ன செய்தார்கள், எத்தனை பேருக்கு எவ்வளவு பங்கிட்டார்கள் என்பது அவர்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதற்கு நமக்கிருக்கும் காலம் அதிகமில்லை.