கதீட்ரல் சாலையில் ஒரு பந்தி

1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை. நாடு விடுதலை அடைந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சென்னை கதீட்ரல் சாலையில் நம் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும், ஏற்கெனவே 1908இல் இணைந்திருந்த பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல் சபையாரும் ஒரே சபையானார்கள். திருவிதாங்கூர் - கொச்சிப் பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமை தாங்க, அன்றே ஒன்பது புதிய பேராயர்கள் அபிஷேகம் பெற்றார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் சபைகளுக்கெல்லாம் அன்று முதல் ஒரே பெயர்: தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.).

இதற்காகவா இந்தக் கட்டடம் எழும்பியது? இல்லவே இல்லை. கோட்டைக்குள் நெருக்கடி தாங்காமல் இந்தப் பக்கம் தோட்ட வீடுகளில் குடியேறிய கம்பெனித் துரைமாருக்குப் பக்கத்திலேயே ஒரு கோயில் தேவைப்பட்டது. பொறியாளர் கால்ட்வெல் வரைபடம் போட, டி ஹாவிலண்ட் கட்டி முடிக்க, 1815இல் முதல் ஆராதனை நடந்தது. 1835இல் சென்னைக்குத் தனிப் பேராயர் வந்தபோது இது பேராலயமானது. உள்ளே நடந்தால் இரு பக்கமும் சலவைக்கல்லில் அந்தத் துரைமாரின் நினைவுச் சின்னங்கள்தான்.

இணைப்புக்கான விதை விழுந்தது தரங்கம்பாடியில். 1919 மே மாதம் அங்கே கூடிய 33 பேரில் 31 பேர் இந்தியர். முன்னின்றவர், முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயரான வி. எஸ். அசரியா. அவர்களின் வாதம் எளிமையானது. மிஷன்கள் தமிழ்நாட்டைப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தன. திருநெல்வேலியில் பிறந்தவர் ஆங்கிலிக்கர், மதுரையில் பிறந்தவர் அமெரிக்கன் மிஷன், நாகர்கோவில்காரர் லண்டன் மிஷன், மன்னார்குடிக்காரர் வெஸ்லியன். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் என்றோ மூண்ட சண்டைக்காக இவர்கள் ஏன் தனித்தனியே திருவிருந்து எடுக்க வேண்டும்?

பேச்சுவார்த்தை 28 ஆண்டு இழுத்தது. பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத குருமாரை ஏற்பதா என்பதே பெரிய சிக்கல். மறு அபிஷேகம் இல்லாமலே ஏற்பது என்று முடிவானது. கவிஞர் டி. எஸ். எலியட் லண்டனில் உட்கார்ந்துகொண்டு இந்தத் திட்டத்தை எதிர்த்து 1943இல் ஒரு சிறுநூலே எழுதினார். மன்னார்குடிக்காரர் யாரும் அதைப் படித்திருக்கமாட்டார். அசரியா 1945 தொடக்கத்திலேயே காலமாகிவிட்டதால் இணைப்பு நாளைப் பார்க்கவில்லை.

என் கணக்கில் இதைவிடக் கடினமான இணைப்பு ஒன்று இருந்தது. அதற்கு 28 ஆண்டு போதவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் கொந்தளிப்பு. இன்றும் நாம் உருகிப் பாடும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயக சாஸ்திரியார், சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதியவர் என்பதை மறைப்பது நியாயமல்ல. 1850இல் சென்னை மிஷனரி மாநாடு சோதனையைப் பந்திக்கே கொண்டுவந்தது: ஒடுக்கப்பட்டவர் சமைத்ததை அவர்களோடு உட்கார்ந்து உண்ண மறுப்பவருக்குச் சபையில் இடமில்லை. லீப்சிக் மிஷனார் இதை ஏற்கவில்லை. நம் அசன விருந்தில் வாழையிலை போட்டு வரிசையாக உட்காருகிறோமே, அது சும்மா கிடைத்த வரிசையல்ல.

இணைப்புக்குப் பின் சென்னையின் முதல் இந்தியப் பேராயராக 1955இல் டேவிட் செல்லப்பா வந்தார். அடுத்து வந்த லெஸ்லி நியூபிகின், 1965 முதல் 1974 வரை, நகரச் சேரிகளின் பாட்டைச் சபையின் பொறுப்பாக்கினார். ஓய்வு பெற்றதும் அவரும் மனைவியும் உள்ளூர்ப் பேருந்துகளில் மாறி மாறி இங்கிலாந்துவரை போனார்கள்! அங்கே பர்மிங்ஹாமில் சிறைச்சாலைக்கு எதிரே இருந்த ஒரு சிறிய சபைக்குக் குருவானார். ஆசியக் குடும்பங்கள் அவரை வீட்டுக்குள் அழைத்து உபசரித்தன; பல ஆங்கிலேயர் வீடுகளில் வாசலோடு சரி. சொந்த நாட்டில் அவர் மறுபடி மிஷனரியானார்.

1990களில் பேராயர் எம். அசரியாவும், 1999இல் பொறுப்பேற்ற பேராயர் வி. தேவசகாயமும் தலித் இறையியலைப் பிரசங்க பீடத்துக்கே கொண்டுவந்தார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி சபைக்கு மட்டுமல்ல, அரசுக்கும் சேர்த்துத்தான். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியில். 2023 ஏப்ரல் 19இல் தமிழகச் சட்டமன்றம் அவர்களையும் சேர்க்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

கோட்டையைப் பார்த்துக் கேட்பது நியாயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாளிதழைப் பிரித்தால், மணமகள் தேவை விளம்பரத்தில் 'சி.எஸ்.ஐ.' என்ற மூன்றெழுத்தை அடுத்துச் சாதிப் பெயர் வருகிறது. அந்த விளம்பரத்தைக் கொடுப்பவர் அதே அசனத்தில் நம் பக்கத்து இலைக்காரர்.