ஏ/எல் போஸ்

ஈப்போ வட்டாரத்துக் கல்யாணப் பத்திரிகைகளைப் புரட்டினால் சந்திரபோஸ், சுபாஷ் சந்திரபோஸ், வெறும் போஸ் என்று எவராவது ஒருவர் அகப்பட்டுவிடுவார். அநேகமாகத் தாத்தாவாக இருப்பார், இல்லாவிட்டால் பெரியப்பா. தோட்டம் துண்டாடப்பட்ட பின் ஜெலாப்பாங் தாமான்களில் வந்து குடியேறிய குடும்பங்களில் இந்தப் பெயர் இன்னும் புழங்குகிறது. அதே இரண்டெழுத்து நகரத்துப் பேரங்காடியில் ஸ்பீக்கர் பெட்டியின் முகப்பிலும் இருக்கிறது. ஆளுக்கும் பெட்டிக்கும் பெயர் வந்த வழி வேறு; ஊற்று ஒன்று.

வேர்ச்சொல் வசு. வடமொழியில் செல்வம், நன்மை என்று பொருள். அஷ்ட வசுக்களில் ஒருவர்தான் பீஷ்மராகப் பிறந்தார் என்பது பாரதக் கதை. நம் வசுதேவர், அவர் மகன் வாசுதேவன், அதைச் சுருக்கிக் கூப்பிடும் பக்கத்து வீட்டு வாசு எல்லாருமே இந்த வேரில் கிளைத்தவர்கள். வங்காளத்து வாயில் நுழைந்ததும் சொல் உருமாறியது. அங்கே வகரம் பகரமாகிவிடும், அகரம் உதடு குவிந்து ஒகரமாகும், சகரம் ஷகரமாகும். வசு 'பொஷு' ஆனது. பேச்சில் கடைசி உகரமும் உதிர, மிஞ்சியது போஸ். மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதிபாசுவின் பாசுவும் இதே பெயர்தான், எழுதுகிற விதம்தான் வேறு.

வங்காளத்தில் அது குடிப்பெயர். காயஸ்தர் வீடுகளில் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். 'போஸ்' என்று கூப்பிட்டால் தெருவில் பத்துப் பேர் திரும்புவார்கள். 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையைச் சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவரும் ஒரு போஸ்தான்: ராஷ் பிஹாரி போஸ். இருவரும் உறவினர் அல்லர்.

அந்த ஆண்டில்தான் பெயர் பால்மரக் காட்டுக்குள் நுழைந்தது. தோட்டத்துத் தமிழர் நேதாஜி சுபாஷின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஈப்போவில் பிறந்த ராசம்மா, பின்னாளில் ராசம்மா பூபாலன், பதினாறு வயதில் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். போர் முடிந்தும் நேதாஜி மேல் இருந்த பிடிப்பு விடவில்லை. லயத்து வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தார்கள். தமிழருக்குக் குடிப்பெயர் கிடையாது, ஆகவே வங்காளத்துக் குலத்தின் பெயர் ஒரு குழந்தையின் சொந்தப் பெயராயிற்று. அந்தக் குழந்தை வளர்ந்து பிள்ளை பெற்றபோது, அடையாள அட்டையில் 'ஏ/எல்' என்ற இரண்டெழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. 'அனாக் லெலாக்கி', இன்னாரின் மகன். குடிப்பெயர் இடுபெயராகி, இடுபெயர் தகப்பன் பெயராகிவிட்டது. வைத்தவர்கள் இலக்கணம் பார்க்கவில்லை, பார்க்காததே நல்லதாயிற்று.

ஈப்போவில் ஒரு கடையில் பெரியவர் ஒருவர் ஸ்பீக்கரின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நேதாஜி பேரன் கம்பெனியா தம்பி?" என்று கேட்டார். சீனப் பையன் சிரித்தான். "அமெரிக்கா பிராண்ட், அங்கள்." பையன் சொன்னது சரி. பெரியவரின் காதும் முழுக்கப் பிழைபடவில்லை.

அந்தப் பெட்டியின் போஸ், அமர் கோபால் போஸ். 1929இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். தகப்பனார் நோனி கோபால் போஸ் ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, அமெரிக்காவுக்குத் தப்பி வந்த வங்காளி. நோனி என்றால் வெண்ணெய். நவநீதம் தேய்ந்து நனியாகி, வங்காள உதட்டில் நோனி. நம் நவநீதகிருஷ்ணன்தான் அவர். யுத்தத்தில் அவருடைய இறக்குமதி வியாபாரம் படுத்துவிட, பள்ளி மாணவனான அமர் ரேடியோ பழுது பார்த்துக் குடும்பத்துக்குக் கைகொடுத்தார். மலாயாவில் ஜப்பானியர் சிற்றலை கேட்பதைத் தடை செய்திருந்த அதே காலம்.

1956இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் முடித்த கையோடு நல்ல ஸ்டீரியோ ஒன்று வாங்கினார். தாளில் எழுதியிருந்த எண்களெல்லாம் பிரமாதம். வயலின் மட்டும் வயலினாகக் கேட்கவில்லை. சிறுவயதில் வயலின் பயின்ற காதுக்கு அது பொறுக்கவில்லை. கச்சேரி மண்டபத்தில் ஒலியின் பெரும்பங்கு சுவரிலும் கூரையிலும் மோதித்தான் நம்மிடம் வருகிறது. வீட்டு ஸ்பீக்கரோ முகத்துக்கு நேரே கத்துகிறது. 1964இல் நிறுவனம் தொடங்கினார். 1966இல் 22 ஒலிவாங்கிகளை, மன்னிக்கவும், ஒலிபெருக்கிகளை (தமிழில் இவ்விரண்டும் ஓயாமல் இடம் மாறும்) அடுக்கிச் செய்த முதல் பெட்டி விலைபோகவில்லை. 1968இல் வந்த '901' என்ற மாடல் பேர் வாங்கித் தந்தது. அதில் ஒன்பது ஒலிபெருக்கிகள்: ஒன்று கேட்பவரைப் பார்த்து, எட்டு பின்சுவரைப் பார்த்து. பெயரில் வசுவை வைத்துக்கொண்டு எட்டைப் பின்னால் நிறுத்தியது தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. இசைக்கருவிகள் அறைக்குள் அலைவதுபோல் கேட்கிறது என்று 1970இல் ஒரு நுகர்வோர் இதழ் எழுத, நிறுவனம் வழக்குப் போட்டது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1984இல் தோற்றது. அதற்குள் அமருக்கு வேறு வேலை வந்துவிட்டது. 1978இல் விமானத்தில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்டவருக்கு இயந்திர இரைச்சல்தான் கேட்டது. இரைச்சலுக்கு எதிரலையை உண்டாக்கி அதையே விழுங்கவைக்கும் கணக்கை அந்தப் பயணத்திலேயே போட்டார். 1989இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது. இன்று பினாங்கு பேருந்தில் நம் பிள்ளைகள் மாட்டிக்கொண்டு தூங்குவது அந்தக் கணக்கின் வாரிசு.

இத்தனைக்கும் அவர் முதலில் வாத்தியார். எம்.ஐ.டி.யில் 2001 வரை பாடம் எடுத்தார். 2011இல் நிறுவனப் பங்குகளில் பெரும்பகுதியை அந்தக் கல்விக்கூடத்துக்கே எழுதி வைத்தார். விற்க முடியாது, வாக்குரிமை கிடையாது. லாபத்தின் பங்கு மட்டும் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் போகும்.

2013 ஜூலை 12 அன்று, 83ஆம் வயதில் காலமானார். நம்மூர் நினைவஞ்சலி வழக்கப்படி எழுதினால் 'அமரர் அமர் போஸ்' என்று வரும். சாகாதவர் என்ற சொல்லைச் செத்தவருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கும் நமக்கு அது உறுத்தாது.