'ஸ்லோ'ன்னு சொன்ன பேட்டரி எப்படி வேகமாச்சு?

இன்னிக்கு நிறைய எலெக்ட்ரிக் கார், பஸ்ல இருக்கிறது எல்.எஃப்.பி பேட்டரி, அதாவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். ஆரம்பத்துல இதை யாரும் வண்டி இழுக்கிற சரக்கா பார்க்கல. ஏன்?

1997. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப், அக்ஷய பாதி குழுவினர் இந்தப் பொருளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. கோபால்ட் விலை அதிகம், இரும்பு மலிவு. அதோட, பாஸ்பேட் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிச்சு வெச்சுக்கும். சூடானாலும் லேசுல தீப்பிடிக்காது. ஆனா அந்தக் கட்டுரையிலேயே, இது குறைந்த பவர் வேலைகளுக்குத்தான் நல்லா சரிப்படும்னு சொல்லியிருந்தாங்க.

பிரச்சினை ரெண்டு. ஒண்ணு, இந்தப் பொருள் மின்சாரத்தை ரொம்ப மோசமா கடத்தும். ரெண்டாவது, லித்தியம் அயனிகள் உள்ளே ஒரே திசையில்தான் நகர முடியும். குறுகலான சந்து மாதிரி. நடுவுல ஒரு அடைப்பு இருந்தா எல்லாம் நிக்கும்.

முதல் பிரச்சினைக்கு 1999-ல் கனடாவில் மிஷேல் அர்மான் இருந்த குழு வழி கண்டுபிடிச்சது: துகள் மேல மெல்லிய கார்பன் பூச்சு. எலெக்ட்ரான் அது வழியா ஓடிடும்.

ரெண்டாவதுக்கு, துகளையே சின்னதாக்கணும். அயனி ஒரு தூரத்தைக் கடக்கிற நேரம், அந்தத் தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். 1 மைக்ரான் துகளை 100 நானோமீட்டர் ஆக்கினா தூரம் 10 மடங்கு குறையும். நேரம் 100 மடங்கு குறையும்!

எம்.ஐ.டி-யிலிருந்து 2001-ல் கிளம்பின ஏ123 கம்பெனி, நானோ துகள்களை வெச்சு 36 வோல்ட் டிரில்லிங் மெஷின்களுக்கு செல் செஞ்சது. 2009-ல் அதே எம்.ஐ.டி-யில் காங், சேடர் ரெண்டு பேரும் 10-20 செகண்ட்ல டிஸ்சார்ஜ் ஆகிற எலெக்ட்ரோடைக் காட்டினாங்க.

அப்போ ஏன் நம்ம வண்டி 20 செகண்ட்ல சார்ஜ் ஆகல? கார்பன் கூடக்கூட, எனர்ஜியை சேமிக்கிற பொருளுக்கு இடம் குறையும். எலெக்ட்ரோடை மெலிசாக்கினாலும் அதே கதை: வேகம் கிடைக்கும், கிலோமீட்டர் போயிடும். அதுபோக, சார்ஜ் பண்ணும்போது சிக்கல் எதிர்ப்பக்கத்துக்குத் தாவிடும். கிராஃபைட் உள்வாங்குறதைவிட வேகமா லித்தியம் வந்தா, உலோகமா மேலேயே படிஞ்சு செல்லைக் கெடுக்கும்.

ஏ123 2012-ல் திவால் ஆச்சு. ஆனா அந்த மலிவான இரும்பு இன்னும் ரோட்டுல ஓடுது. 1997 கட்டுரையில் வந்த அடிப்படைப் பொருள் மாறல. அதை வடிவமைச்ச விதம்தான் மாறுச்சு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!