அயலார்க்கு அணியும் நினைவுச் சின்னம்

உற்றார் இறந்துழி அவர்தம் அணியைப் போற்றிக் காத்தல் யாண்டும் காணப்படும் வழக்கு. முன்பின் அறியாத ஒருவரின் சாவினை நினைந்து மற்றொருவர் தம் மெய்யில் ஒன்றை அணிதல் அதனின் வேறாயது. இவ்வழக்கினைத் தமிழ் மரபோடு ஒப்பிட்டு ஈண்டு ஆராய்வாம்.

நைனார்பாளையத்திற்கு வடமேற்கே கல்வராயன் மலை அமைந்துள்ளது. அம்மலைக்கு வடபாலுள்ள செங்கமே மலைபடுகடாம் கூறும் நன்னனது செங்கண்மா. அப்பாட்டில் பெருங்கௌசிகனார் கூத்தரை ஆற்றுப்படுத்துங்கால், புறங்கொடாது பட்ட மறவரின் பெயரொடு நட்ட கற்கள் கவர்த்த வழிகளிற் பல உள என்றும், அவை விரும்புமாறு தொன்மரபின்படி யாழிசைத்து விரைந்து செல்க என்றும் உரைக்கின்றார். கூத்தர் வழிச்செல்வோர், கல்லில் நின்றாரோ அவர்க்கு அயலார். எனவே, அறியாதாரைச் சிறப்பித்தல் இந்நிலப்பகுதியில் சங்க காலத்திலேயே வேரூன்றிய வழக்காதல் தெளிவு.

எனினும், அச்சிறப்பு அணிதலாக அமைந்திலது. அதியமானது நடுகல்லிற்குப் பீலி சூட்டப்பெற்றதை ஔவையார் பாடல் (புறம். 232) காட்டும். ஒல்லையூர்கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைவிற்கு இரங்கிய குடவாயிற் கீரத்தனாரோ, முல்லைப்பூவை இளையோரும் பாணனும் பாடினியும் அணியாதொழிந்தமை கூறுகின்றார் (புறம். 242). மாண்டார்க்குச் சூட்டுதலும், இருப்போர் சூடாது விடுதலுமே இப்பாடல்கள் காட்டும் நெறி.

மேலைநாட்டு வழக்கு இதற்கு மறுதலை. 1914–18 போரில் மாண்டாரை நினைந்து 1921 முதல் பிரித்தானியாவில் செந்நிறப் பாப்பிப்பூ அணியப்படுகிறது. நவம்பர் 11-ஆம் நாள் இலங்கையிலும் அது விற்கப்பெற்றது. வருவாயிற் பெரும்பகுதி பிரித்தானியாவிற்கே சென்றது. இதனை எதிர்த்து, இலங்கை வீரர்க்கு உதவும் பொருட்டு 1931-இல் ஏலியன் பெரேரா 'சூரியமல்' விற்பனையைத் தொடங்கினார். சூரியமல் என்பது நம் பூவரசம்பூவே. 1933-இல் தென்கொழும்பு இளைஞர் சங்கம் அதனைப் பேரரசு எதிர்ப்பியக்கமாக வளர்த்தது. பூ ஒன்றேயாயினும், அஃது யார் இறப்பிற்கு, யார் நலத்திற்கு என்னும் வினா அங்கே எழுந்தது.

1970-இல் அமெரிக்க மாணவர் அமைப்பொன்று, வியத்நாம் போரிற் சிறைப்பட்டோர், காணாமற்போனோர் பெயரும் நாளும் பொறித்த உலோகக் காப்புகளை வழங்கத் தொடங்கியது. பெயர்க்குரியவர் மீளுங்காறும் கழற்றுவதில்லை என்பது அணிந்தோர் உறுதி. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் காப்புகள் வழங்கப்பெற்றன. 1973-இல் மீண்ட சிறையாளர் 591 பேர்.

பாப்பிப்பூவிற் பெயரில்லை, காப்பிற் பெயருண்டு. இவ்வகையில் காப்பு நடுகல்லிற்கு நெருங்கியது. நடுகல் நிற்பது வழியில். காப்பு கிடப்பது கையில். இரண்டும் அயலானொருவனை அவன் பெயரால் அறியச் செய்கின்றன. செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் பல இன்று வேடியப்பன் என வழிபடப்பெறுகின்றன. பூசை நிலைத்தது, எழுத்து தேய்ந்த கல்லில் வீரன் பெயரோ மறைந்தது. 1972-இல் வெளிவந்த 'செங்கம் நடுகற்கள்' பெயர் பலவற்றை மீட்டுத் தந்தது. வழிபாடு கல்லைக் காக்கும். மாண்டானைக் காப்பது பெயரே. ஆகலின், எஞ்சிய கல்லெழுத்துகளைப் படித்துப் பதிவுசெய்தலும் அயலார்க்கு நாம் ஆற்றும் நினைவுக்கடன் என்பது எம் துணிபு.