இருப்புப்பாதையும் படுவான்கரைப் பாதையும்

மட்டக்களப்பின் போக்குவரத்து வரலாற்றை எழுதுவோர், 1928இல் இருப்புப்பாதை வந்துசேர்ந்ததைக் கூறியதோடு மனநிறைவு கொள்வர். கல்ஓயாச் சந்தியிற் பிரிந்து காடூடறுத்து வந்த அப்பாதை, மன்னம்பிட்டியில் மகாவலியையும் பின்னர் ஓட்டமாவடியில் நீர்ப்பரப்பையும் கடந்தது. அவ்விரு பாலங்களிலும் புகையிரதத்துக்கும் தெருவுக்கும் வழி ஒன்றே. புகைவண்டி வரும்வேளை துவிச்சக்கரவண்டிக்காரர் கரையில் ஒதுங்கிக் காத்து நின்றனர். தனித் தெருப்பாலங்கள் இந்த நூற்றாண்டிலேயே எழுந்தன. மன்னம்பிட்டியில் அது 2007.

ஆயின் தண்டவாளம் நகரோடு நின்றுவிட்டது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவிக்கு மேற்கே, நெல் விளையும் படுவான்கரையை அது எட்டவேயில்லை. அங்கு அதன் பணியைச் செய்தவை தோணியும் மாட்டுவண்டியும், கிரவல் தெருக்களில் நெல்மூடையும் விறகும் சுமந்த துவிச்சக்கரவண்டியுமே. ஆளுநர் அறிக்கைகளில் இருப்புப்பாதைக்குக் கிடைத்த இடம் இவற்றுக்குக் கிடைக்கவில்லை. இவற்றை ஓட்டிய முதியோர் இருக்கும்போதே கேட்டெழுதாவிடின், நம் வரலாறு புகையிரத நிலையத்தின் வரலாறாகவே எஞ்சும்.

மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை, எழுவான்கரையிலிருந்து சென்றோர் சைக்கிளோடு மிதவையேறியே அக்கரை சேர்ந்தனர். அம்மிதவைக்கு இவ்வூர் வழக்கில் ‘பாதை’ என்றே பெயர்.