ஓடுபவனும் தேடுபவனும்

திகில் நாவல் படிப்பது வீண்பொழுது என்று கருதுவோர் உளர். நான் அக்கட்சியினன் அல்லேன்.

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் நோயுற்றுப் படுத்திருந்த ஜான் பக்கன் எழுதிய ‘முப்பத்தொன்பது படிகள்’ 1915-இல் வெளிவந்தது. ஹானே என்னும் சுரங்கப் பொறியாளனின் இலண்டன் இல்லத்தில், அடைக்கலம் புகுந்த ஒருவன் கத்தி பாய்ந்து கிடக்கிறான். ஒருபுறம் போலீசார், மறுபுறம் பகைநாட்டு ஒற்றர். ஹானே ஸ்காட்லாந்தின் மேட்டுவெளிகளில் ஓடுகிறான். தப்பியோடுபவன் பகைவனின் வீட்டுக்குள்ளேயே நுழைவது நம்பத்தக்கதன்று. ஆயினும் நம்புகிறோம். ஓட்டத்தின் விரைவு நம்மை ஐயுற விடுவதில்லை. யூதரைப் பழிக்கும் சில வரிகள் மட்டும் இன்று கசக்கின்றன.

எரிக் ஆம்ப்ளர் 1939-இல் வெளியிட்ட ‘டிமிட்ரியோசின் முகமூடி’யில் நெடுந்தூரம் எவரும் எவரையும் துரத்தவில்லை. துப்பறியும் கதைகள் எழுதும் லாட்டிமர், இஸ்தான்புல் பிணவறையில் ஒரு குற்றவாளியின் உடலைக் காண்கிறான். அவன் வாழ்வை அறியும் ஆவலால் ஸ்மிர்னா, ஏதென்ஸ், சோபியா, பாரிஸ் எனப் பழைய பதிவேடுகளைத் தேடி அலைகிறான். அத்திப்பழம் பொதிந்த கூலியாள் கொலை, ஒற்று, போதைப்பொருள் வாணிகம் என உயர்ந்த வரலாறு துண்டு துண்டாக வெளிப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் அடுத்ததைக் கேட்க வைக்கிறது. அதுவே இந்நூலின் சுவை. பக்கனிடம் தீமை கடல் கடந்து வருகிறது. ஆம்ப்ளரிடமோ அது மதிப்புமிக்க வங்கியின் நிழலில் வாழ்கிறது. போரின் வாயிலில் நின்ற ஐரோப்பாவை இவரே கூர்ந்து கண்டார் என்பேன்.

இவ்வளவும் கண்ட லாட்டிமர், இறுதியில் ரயிலில் அமர்ந்து, அமைதியான ஆங்கிலச் சிற்றூரில் நிகழும் கொலைக்கதை ஒன்றுக்குத் திட்டமிடுகிறான்!