நரிதா: வராத புல்லட் ரயிலுக்குக் கட்டிய ஸ்டேஷன்

டோக்கியோ போற பிளான் யாருக்காவது இருக்கா? இல்லைன்னாலும் பரவாயில்லை. விசா, டிக்கெட் பற்றியெல்லாம் இன்னைக்குப் பேசப்போறதில்லை. ஏர்போர்ட்டில் இறங்கி ஊருக்குள் போகும் அந்த ஒரு ரயில் பயணம் இருக்கு இல்லையா, அதன் பின்னால் இருக்கும் கதையைத்தான் சொல்லப்போறேன்.

நரிதா விமான நிலையம் டோக்கியோவில் இல்லை. நகரத்தின் மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, பக்கத்து சிபா மாகாணத்தில் இருக்கிறது. பெட்டியை எடுத்துக்கொண்டு எஸ்கலேட்டரில் கீழே இறங்கினால், டெர்மினலுக்கு அடியிலேயே ஸ்டேஷன். ஜே.ஆர். நிறுவனத்தின் நரிதா எக்ஸ்பிரஸும் அங்கிருந்துதான், கேசெய் என்ற தனியார் நிறுவனத்தின் ஸ்கைலைனரும் அங்கிருந்துதான். ஸ்கைலைனர் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை வேகமெடுத்து, 40 நிமிஷத்துக்குள் நிப்போரியில் இறக்கிவிடும். ஆனால் அந்த ஸ்டேஷன் இந்த இரண்டு ரயில்களுக்காகவும் கட்டப்பட்டது இல்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். டோக்கியோவின் பழைய விமான நிலையம் ஹனேடா, 1931இல் திறந்தது. கடலோரம், நகரத்துக்குப் பக்கம். 1960களில் ஜெட் விமானங்கள் பெருகியதும் அங்கே இடம் போதவில்லை. புதிதாக ஒன்று வேண்டும் என்று அரசு தேடியது. முதலில் பார்த்த தொமிசாதோவில் எதிர்ப்பு கிளம்பியது. உடனே பக்கத்தில் இருந்த சன்ரிசுகாவுக்குத் தாவினார்கள். காரணம் எளிது. அங்கே அரச குடும்பத்தின் பெரிய குதிரை, கால்நடைப் பண்ணை இருந்தது. நிலத்தில் ஒரு பெரும் பகுதி ஏற்கெனவே அரசின் கையில். மீதியை விவசாயிகளிடம் வாங்கிவிடலாம் என்று கணக்கு. 1966 ஜூலை 4 அன்று அமைச்சரவை முடிவெடுத்தது.

அந்த விவசாயிகளிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. அவர்களில் பலர் போருக்குப் பிறகு மஞ்சூரியாவிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள். புதர்க்காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, இருபது வருஷம் பாடுபட்டு அதை வயலாக்கியிருந்தார்கள். இப்பத்தான் நாலு காசு பார்க்க ஆரம்பிச்ச நேரம். அப்போது செய்தியில் கேட்கிறார்கள், உங்க வயல் ரன்வே ஆகப்போகுது என்று. யோசிச்சுப் பாருங்க.

எதிர்ப்புச் சங்கத்துக்குத் தலைவராக வந்தவர் டோமுரா இஸ்ஸாகு. விவசாயக் கருவிகள் விற்றவர், கிறிஸ்தவர். சங்கத்தில் பெண்களுக்குத் தனி அணி, முதியவர்களுக்குத் தனி அணி, பள்ளிச் சிறுவர்களுக்குக்கூட ஓர் அணி இருந்தது. நிலத்தைக் கையகப்படுத்துவதைச் சிக்கலாக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு துண்டு நிலத்தைப் பிரித்து, ஆளுக்கு ஒரு ட்சுபோ, அதாவது சுமார் 3.3 சதுர மீட்டர் என்ற கணக்கில் நாடெங்கும் உள்ள ஆதரவாளர்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். இனி அரசு ஒவ்வொருவராகத் தேடிப் போய்ப் பேசணும்!

பிறகு இடதுசாரி மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். இந்தக் கதையைப் பேசும் பலர் ஹெல்மெட் போட்ட அந்த மாணவர்களின் படங்களைத்தான் காட்டுவார்கள். எனக்கு அவர்களைவிட, மரத்தில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்ட, தங்கள் நிலத்துக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டி உட்கார்ந்த கிராமத்துக்காரர்கள்தான் பெரிதாகத் தெரிகிறார்கள். 1971இல் அரசு பலவந்தமாக நிலத்தை எடுத்தது. செப்டம்பர் 16 அன்று நடந்த மோதலில் மூன்று போலீஸ்காரர்கள் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து, ஓகி யோனே என்ற மூதாட்டியின் வீட்டை இடித்தார்கள். போலீஸ் வந்தபோது அவர் நெல் அடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. இதை வெறும் வீரக் கதையாகச் சொல்ல எனக்கு மனசு வரலை.

ஒரு வழியாக 1978 மார்ச் 30 அன்று திறப்பு விழா என்று நாள் குறித்தார்கள். நான்கு நாள் முன்பு, ஒரு குழு வடிகால் வழியாக ஊர்ந்து உள்ளே வந்து, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி, கருவிகளை அடித்து நொறுக்கியது. திறப்பு மே 20க்குத் தள்ளிப்போனது. இடையில் மே 5 அன்று, டிப்போவில் நின்ற ஸ்கைலைனர் ரயிலுக்கும் தீ வைக்கப்பட்டது. எதிர்ப்பு ரன்வேயோடு நிற்கவில்லை, தண்டவாளத்துக்கும் வந்துவிட்டது.

சரி, ரயிலுக்கு வருவோம். 60 கிலோமீட்டர் தள்ளி ஏர்போர்ட் கட்டினால் மக்கள் எப்படிப் போவார்கள்? அரசின் பதில்: நரிதா ஷின்கான்சென். டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரத்தில் நேராக டெர்மினலுக்கு அடியில். அதற்காகத்தான் அந்த ஸ்டேஷனைக் கட்டிவைத்தார்கள். 1974இல் பாதை வேலை தொடங்கியது. ஆனால் வழியில் இருந்த எடோகாவா போன்ற பகுதிகளின் மக்கள், சத்தம் மட்டும் எங்களுக்கு, ரயில் நிற்கவே நிற்காது, அது என்ன நியாயம் என்று கேட்டார்கள். 1983இல் வேலை நின்றது. 1987இல் தேசிய ரயில்வே தனியார்மயமானபோது திட்டமே செத்துப்போனது.

இதனால் என்ன ஆச்சு தெரியுமா? விமான நிலையம் திறந்து 13 வருஷம் வரைக்கும் ஒரு ரயிலும் டெர்மினலுக்கு வரவில்லை. அடியில் ஸ்டேஷன் காலியாக இருட்டில் கிடக்கு. கேசெய் ரயிலில் வருபவர்கள் தள்ளி இருந்த வேறொரு ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி டெர்மினலுக்குப் போகணும். ஜே.ஆரில் வந்தால் நரிதா ஊரில் இறங்கி அங்கிருந்து பஸ்.

1988இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த இஷிஹாரா ஷிந்தாரோ, இதைப் பயன்படுத்துங்கள் என்று உத்தரவிட்டார். 1991 மார்ச் 19 அன்று இரண்டு நிறுவனங்களும் உள்ளே வந்தன. இதில் ஒரு சுவையான சிக்கல் உண்டு. ஷின்கான்செனுக்குத் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். கேசெய்க்கும் அதே அளவுதான். ஜே.ஆரின் சாதாரண ரயிலுக்கோ 1,067. அதனால் ஷின்கான்செனுக்காக விட்ட இரட்டைப் பாதையின் இடத்தை ஆளுக்கு ஒரு தண்டவாளம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். இன்றைக்கும் ஏர்போர்ட் பக்கம் இரண்டுமே ஒற்றை வழிப் பாதைதான். 2010இல் திறந்த ஸ்கைலைனரின் புதுப் பாதையும், கடைசிப் பகுதியில் அந்தக் கைவிட்ட ஷின்கான்சென் வழியில்தான் ஓடுகிறது.

டோக்கியோ பக்கத்திலும் ஒரு மிச்சம் இருக்கு. டோக்கியோ ஸ்டேஷனில் டிஸ்னிலேண்ட் போகும் கெய்யோ லைனுக்கு மாறணும்னா நடந்து நடந்து கால் வலிக்கும். அந்த நிலத்தடி பிளாட்ஃபாரம், நரிதா ஷின்கான்செனுக்காக ஒதுக்கிய இடம்.

விவசாயிகளுடன் அரசு உட்கார்ந்து பேசியது 1991க்குப் பிறகுதான். 1995இல் பிரதமர் முராயாமா மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது ரன்வே 2002இல், உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன்பு திறந்தது. திட்டமிட்டது 2,500 மீட்டர். கிடைத்த நிலத்துக்குள் அப்போது 2,180தான் போட முடிந்தது. நடுவில் சிலர் நிலத்தைக் கொடுக்கவில்லை. விமானம் நிலையத்துக்குள் ஊர்ந்து போகும்போது ஜன்னல் வழியே காய்கறி வயலைப் பார்த்ததாகப் பயணிகள் சொல்வது இதனால்தான். 2023 பிப்ரவரியில்கூட நீதிமன்ற உத்தரவோடு அங்கே சில கட்டுமானங்களை அகற்றினார்கள். அந்த ஊரின் தோஹோ கோயில் இன்னும் மூன்று பக்கமும் விமான நிலையம் சூழ நிற்கிறது.

பஸ் ஏறுவதற்காக மக்கள் இறங்கிய அந்தப் பழைய கேசெய் ஸ்டேஷனும் மூடவில்லை. பெயர் மட்டும் ஹிகாஷி நரிதா என்று மாறியது. விமான நிலையம் குறுக்கே வந்து வழியை மறித்ததால், அந்தப் பக்கம் இருந்த ஷிபயாமா ஊருக்கு ஈடாக 2002இல் அங்கிருந்து ஒரு ரயில் பாதை போட்டுக் கொடுத்தார்கள். நீளம் 2.2 கிலோமீட்டர். ஜப்பானின் மிகக் குட்டி ரயில்வே என்று அவர்களே விளம்பரம் செய்கிறார்கள். நரிதாவில் உங்களுக்கு ரெண்டு மணி நேரம் மிச்சம் இருந்தா, டியூட்டி ஃப்ரீ கடையை விட்டுட்டு அதுல ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.